கார்டு செல்லும் இடம்

ஐஸ் பெட்டியின் ஒயர் எட்டவில்லை. பாவாடை வாசலில் மண்டியிட்டு, பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக வந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்துப் பார்த்தான். இன்னும் ஒரு முழம் குறைந்தது.

"ஒயர இழுக்காதீங்கண்ணா, ஃபியூஸு போயிடும். பெட்டிய நவுத்துங்க" என்றான் பெட்டியைக் கொண்டுவந்தவன்.

நான்கு பேர் சேர்ந்து, உள்ளே கிடந்த அவன் மனைவி சாலம்மாளின் உடலோடு பெட்டியை நகர்த்தினார்கள். உள்ளே அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. யாரோ கண்ணாடி மூடியைத் திறந்து நேராக்கினார்கள். பிளக்கைச் சொருகியதும் பெட்டி உறும ஆரம்பித்தது.

"போன வருசம் ஜூன் மாசம் இந்தத் தெருவுக்கு ஒரு பெட்டி குடுக்க முடியல. விழுப்புரம், ஆத்தூரு, எங்க கேட்டாலும் இல்ல. இன்னிக்கி ஒரு போனுல வந்திருச்சி பாருங்க" என்றான் அவன். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

மணி ஒன்றரை. மகள் அமிர்தம் திருப்பூரிலிருந்து கிளம்பிவிட்டாள், ஐந்து மணிக்குள் வந்துவிடுவாள். அவள் வந்ததும் தூக்கிவிட வேண்டும் என்று பேசியிருந்தார்கள்.

பாவாடை பந்தல் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். அவன் கண்ணில் தண்ணீர் வரவில்லை. காலையில் ஆறரை மணிக்கு அரிசி ஆலைக்குப் போகத் தலை வாரிக்கொண்டிருந்தவள் இப்போது பெட்டிக்குள் கிடந்தாள்.

போன வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் இதே கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து ஆட்கள் வரிசையாகச் செத்தார்கள். பாவாடையிடம் ஒரு டாட்டா ஏஸ் வண்டி இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டுவந்து சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் இறக்குவான். அன்று கிழங்கு ஏற்றும் இடத்தில் மூன்று பேரைப் படுக்க வைத்து அரசாங்கத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அதில் ஒருவன் சாலம்மாளின் தம்பி செல்லமுத்து. சாயங்காலத்துக்குள் மூன்று பேரும் செத்துப்போனார்கள். குடித்துப் பதினாறு மணி நேரம் கழித்து, கண் தெரியாமல் போன பிறகுதான் கொண்டுபோனார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. கொண்டுபோன இடம் மட்டும் ஞாபகம் இருந்தது.

அதற்குப் பிறகு தெருவில் யாரும் அந்த ஆஸ்பத்திரி கேட்டுக்குள் போகவில்லை. காய்ச்சல் என்றால் மெடிக்கல் ஷாப். பெரிய நோய் என்றால் கார்டு. கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று, கட்டை விரலை வைத்து, குடும்பத்தோடு போட்டோ எடுத்து வாங்கிய காப்பீட்டு கார்டு. கார்டு என்றால் தனியார் ஆஸ்பத்திரி. பெரியாஸ்பத்திரிக்கு எதற்குக் கார்டு? அங்கேதான் எல்லாம் சும்மாவே ஆயிற்றே. தெரு முழுக்க இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. பாவாடையும் அப்படித்தான் நினைத்தான், அதை ஊர் ஊராகச் சொல்லியும் வந்தான்.

அவனுக்கு ஒரு ஆஸ்பத்திரி தெரியும். ஆத்தூர் தாண்டி, முன்பக்கம் முழுக்கப் பச்சைக் கண்ணாடி போட்ட கட்டடம். நைனார்பாளையத்துப் பொன்னுரங்கம் கிணற்று மேட்டில் விழுந்து இடுப்பு முறிந்தபோது அங்கேதான் சேர்த்தார்கள். இருபது நாளில் எழுந்து நடந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் பாவாடை மலைக்காரர்களை அங்கே கொண்டுபோக ஆரம்பித்தான். வெள்ளிமலையிலும் சுற்றியிருந்த ஊர்களிலும் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் பாவாடைக்குத்தான் போன் வரும். அவன் கிழங்கு லோடு இறக்கிவிட்டு, அடுத்த நாள் வெறும் வண்டியில் ஆளை ஏற்றிக்கொண்டு போவான். கை முறிந்தவன், கல்லடைப்புக்காரன், கர்ப்பப்பை எடுக்க வேண்டியவள் என்று இதுவரை எட்டுப் பேர். எட்டுப் பேரும் நடந்து திரும்பினார்கள். மலையில் அவன் பேச்சுக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. கமிஷன் எதுவும் கிடையாது. அந்த மரியாதையே போதும் என்று இருந்தான்.

இன்று காலையில் சாலம்மாள் சீப்பைக் கீழே போட்டுவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டாள். பல் வலி என்றாள். பிறகு முதுகு என்றாள். சோடா வாங்கிக் கொடுத்தான். வாந்தி எடுத்தாள். ரவிக்கை முழுக்க வேர்வையில் நனைந்துவிட்டது.

"108-ஐக் கூப்புடு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அவன் நேரா பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓட்டுவான். நம்ம வண்டி கீது."

கார்டைக் காணவில்லை. டிரங்குப் பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால், பரண் மேல் என்று முக்கால் மணி நேரம் தேடினான். கார்டு இல்லாமல் பச்சைக் கண்ணாடிக்குப் போய் என்ன செய்வது? கடைசியில் சாலம்மாள்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவந்து, அரிசி டிரம்முக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

ரோடு பிரியும் இடத்தில் இடப்பக்கம் போனால் பெரியாஸ்பத்திரி. நேராகப் போனால் சேலம் ரோடு. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்த சாலம்மாள் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏய்யா, தாங்க முடியல. இங்கியே போயிடலாமா?"

"வாய மூடிக்கினு படு. உன்னச் சாவடிக்கவா கூட்டிக்கினு போறேன்?"

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. சின்னசேலம் தாண்டியதும் முனக மட்டும் செய்தாள். ஆத்தூருக்குள் நுழைந்தபோது அதுவும் இல்லை.

பச்சைக் கண்ணாடியில் கார்டு செல்லுபடியானது. கவுன்ட்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்து, "ஓகே, ஆக்டிவா இருக்கு" என்றாள். பாவாடைக்கு உயிர் வந்தது. உள்ளே மார்பில் ஒயர்களை ஒட்டிக் காகிதம் எடுத்துப் பார்த்த டாக்டர் சின்ன வயசுக்காரர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"ஆறரைக்குங்க."

"இப்ப ஒம்பதரை. எங்கருந்து வர்றீங்க?"

"கள்ளக்குறிச்சிங்க. டவுனுதான்."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "டவுனா? ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி உங்க ஊரு ஜி.எச்-லயே இருக்கே. பத்து நிமிஷத்துல போற தூரம். அதைப் போட்டுட்டு, தேவைப்பட்டா மேல அனுப்பியிருப்பாங்க. இங்க எலும்பு, கிட்னிதான் பாக்குறோம். ஹார்ட்டுக்குச் சேலத்துலருந்து டாக்டர் வரணும்."

"கார்டு..." என்றான் பாவாடை.

"அங்கயும் இதே கார்டுதான்யா."

இருக்கிற ஊசியைப் போட்டார்கள். நெஞ்சை அமுக்கினார்கள். பத்தரைக்கு முடிந்துவிட்டது. டாக்டர் சொன்னதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். திரும்பி வரும்போது வண்டியில் அவள் உடலைத் தவிர வேறு யாரும் இல்லை.

"எழுந்து ஒரு டீயாவது குடி" என்று பந்தலில் அவன் தோளைத் தொட்டார் எதிர்வீட்டுப் பூமாலை. கொத்தனார். தெருவில் சாவு விழுந்தால் முறை, சடங்கு எல்லாம் அவர்தான் பார்ப்பார். "நீ ஒரு கொறையும் வெக்கல. எந்தப் புருசன் அந்த நேரத்துல அம்பது கிலோமீட்டர் ஓட்டிக்கினு போவான்?"

பெட்டியின் தலைமாட்டில் சாலம்மாளின் அம்மா கொளஞ்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழுது தொண்டை கட்டிவிட்டது. அவள் கையை நீட்டி மருமகனின் கையைப் பிடித்தாள்.

"எம்மவன அந்த ஆஸ்பத்திரிக் கொட்டாயில உட்டுட்டு வந்தேன். எம்மவளையாவது அங்க கொண்டும் போவாம நல்ல எடத்துக்குக் கொண்டும் போனியே மருமவனே. அது ஒண்ணுதான் எனக்கு நெஞ்சுல எறங்குது. வெதி முடிஞ்சிது, நீ இன்னா பண்ணுவ?"

அவன் கையை மெதுவாக உருவிக்கொண்டான்.

இரண்டரை மணிக்கு மலையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளிமலைப் பக்கத்து ஊர்க்காரன் கந்தசாமி, கூட அவன் அண்ணன் முனியன். முந்தின நாள் கந்தசாமி போன் பண்ணி, அண்ணனுக்கு நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தான். நாளைக்கு பஸ்ஸில் இறங்கி வா, அடுத்த நாள் கொண்டுபோகிறேன் என்று பாவாடைதான் சொல்லியிருந்தான். அது அவனுக்கு மறந்தே போய்விட்டது. வந்தவர்கள் பந்தலைப் பார்த்துத் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள். பிறகு கந்தசாமி கடைக்கு ஓடி ஒரு மாலை வாங்கிவந்து பெட்டி மேல் வைத்தான்.

"தெரியாம வந்துட்டோம்ணே. மன்னிச்சிக்க."

"ஒக்காரு. அண்ணன ஒக்கார வை."

முனியன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐம்பது வயசு இருக்கும். வீட்டிலும் ஊரிலும் அதிகம் பேசாத ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது. ஜவுளிக்கடை கவருக்குள் கார்டு, ஆதார், ரேஷன் கார்டு மூன்றையும் வைத்து மடியில் பிடித்துக்கொண்டிருந்தார்.

கந்தசாமி குரலைத் தாழ்த்தினான். "எப்பிடிக் கேக்கறதுன்னு தெரியல. நீ வர வாணாம். நாங்க பஸ்ஸுலயே போயிக்கறோம். அந்தப் பச்சக் கண்ணாடி ஆஸ்பத்திரிதானே? யாரப் பாக்கணும்னு மட்டும் சொல்லு."

பாவாடை பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பேச ஒன்று கிடைத்துவிட்டது.

"நெஞ்சுன்னா பாண்டிச்சேரிக்குப் போ."

"அட வாணாம். எங்க சித்தப்பன் அங்க மூணு நாளு வராண்டாவுல படுத்துக்கினு கெடந்தாரு."

"சேலத்துல ஒண்ணு கீது. ஆனா மொதல்ல கார்டு, அப்பறம்தான் ஒடம்புக்கு இன்னான்னு கேப்பான்."

சின்னக்கண்ணு என்ற பெயிண்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "எங்க மச்சான் படுத்திருந்த எடத்துக்குப் போங்க. காலைல இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி பாலு. திரும்பி வந்து ஒரு மாசம் வூட்டுச் சோறு எறங்கலன்னான்."

"அவனுக்கு இன்னா ஆபரேசன்?"

"குடலெறக்கம்."

"இவருக்கு நெஞ்சுடா."

"நெஞ்சு நோவுன்னா இட்லி துன்ன மாட்டாரா?"

யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்கள். பூமாலை முறைத்தார். பிறகு அவரே பேச்சில் கலந்துகொண்டார். "எதுக்கு ஊர் சுத்தணும்? பாவாட கொண்டும் போன எடத்துக்கே போ. இவ வெதி முடிஞ்சிது, அது வேற. இதுவரைக்கும் எட்டுப் பேர அங்கேருந்து நடக்க வெச்சிக் கூட்டியாந்திருக்கான்."

"அதான்ணே எங்களுக்கும் நம்பிக்க" என்றான் கந்தசாமி. "நீ சொன்னா சரி."

பாவாடை முனியனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் பந்தலுக்குள் வரவில்லை. பக்கத்தில் பெட்டியிலிருந்து குளிர் கசிந்துகொண்டிருந்தது. ஆனாலும் முனியனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எப்பலேருந்து இப்பிடி வேக்குது?"

"மல எறங்கும்போது பஸ்ஸுலதாங்க ஜாஸ்தியாச்சி. ஒரு மணி நேரம் இருக்கும்."

"தாடை வலிக்குதா?"

முனியன் ஆச்சரியத்தோடு பார்த்தார். "ஆமாங்க. பல்லுன்னு நெனச்சேன்."

ஆத்தூருக்கு அடுத்த பஸ் மூன்றேகாலுக்கு. போய்ச் சேர ஐந்தாகும். பாவாடைக்கு அதைக் கணக்குப் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சும்மா இருந்தால் போதும். ஆமாம், அங்கேயே போங்க என்று ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும். இவர்கள் கிளம்பிவிடுவார்கள். அவன் குறை வைக்காத புருஷனாகவே இருப்பான். கிழவி இன்று ராத்திரி கொஞ்சமாவது தூங்குவாள்.

அவன் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தான்.

"ஏறுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்."

முனியன் கவரோடு எழப் பார்த்தார்.

"எங்கண்ணே?" என்றான் கந்தசாமி. "அங்க வாணாம்ணே. இந்தத் தெருக்காரங்களே அங்க மிதிக்கறதில்லன்னு நீதானே எங்க ஊருல சொன்ன?"

"நாந்தான் சொன்னேன். தெரியாம சொன்னேன்."

பூமாலை குறுக்கே வந்தார். "புத்தி பேதலிச்சிப் போச்சா? பொணம் வூட்டுல கீது. பொண்டாட்டியப் போட்டுட்டுப் புருசன் தெருவத் தாண்டக் கூடாது. சாவியக் குடு, சின்னக்கண்ணு ஓட்டட்டும்."

"அவன் ஓட்டினா நேரா ஆத்தூருக்குப் போயிடுவான்."

"போனா இன்னா?"

"அங்க இதுக்கு டாக்டர் இல்ல. இங்க ஊசி கீது. ரத்தம் கட்டிக்கினா கரைக்கிற ஊசி. கார்டும் இங்கியே செல்லுது. காலைல அந்த ஆஸ்பத்திரி டாக்டரே சொன்னாரு." பாவாடை யார் முகத்தையும் பார்க்காமல் பேசினான். "பத்து நிமிசம். போயிருக்கலாம்."

கொளஞ்சியம்மாள் தலையைத் தூக்கினாள்.

"யாருக்குய்யா போயிருக்கலாம்?"

அவன் செருப்பைத் தேடினான். ஒன்று பந்தல் காலடியில் இருந்தது. இன்னொன்று கிடைக்கவில்லை.

"யாருக்குப் போயிருக்கலாம்னு கேக்கறேன்."

வெறுங்காலோடு போய் வண்டியில் ஏறினான். கந்தசாமி அண்ணனைத் தாங்கிக் கொண்டுவந்து முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, தான் பின்னால் ஏறிக்கொண்டான். தடுக்க யாரும் வரவில்லை. தெருமுனை திரும்பும்வரை கிழவியின் அழுகைச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தான். கேட்கவில்லை.

ரோடு பிரியும் இடத்தில் இடப்பக்கம் ஒடித்தான். ஒரு வருஷமாக மிதிக்காத கேட்டுக்குள் வண்டியை விட்டான். அவசரப் பிரிவு வாசலில் ஒரு நர்ஸ் முனியனின் முகத்தைப் பார்த்ததுமே ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டாள். கந்தசாமி ஜவுளிக்கடை கவரை நீட்டினான்.

"கார்டு இருக்குதுங்க."

"அது அப்புறம். நீங்களே வெச்சிருங்க. எப்ப ஆரம்பிச்சிது?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல" என்றான் பாவாடை. "தாடை வலி. வேர்வை. வாந்தி இல்ல."

நர்ஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கழுத்தில் சாவு மாலையிலிருந்து உதிர்ந்த இலை ஒட்டியிருந்தது. கால் வெறுங்கால். "நீங்க அவருக்கு இன்னா வேணும்?"

"வண்டிக்காரன்."

காகிதம் எடுத்தார்கள். ஒரு டாக்டரம்மா ஓடிவந்தார். கதவு மூடியது. பாவாடை சுவரோரம் நின்றான். உட்கார பெஞ்சு இருந்தது, உட்காரவில்லை. கந்தசாமி குந்தி உட்கார்ந்து, கதவையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் பார்வையில் நம்பிக்கை இல்லை. அண்ணனுக்கு ஏதாவது ஆனால் மலையில் இனி பாவாடையின் வண்டிக்குக் கிழங்குகூட ஏற்ற மாட்டார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். "ஊசி போட்டாச்சு. வலி கொறைஞ்சிருக்கு. ஆனா இன்னும் ரெண்டு நாளு போகணும், இப்ப எதுவும் சொல்ல முடியாது. கூட ஒருத்தர் இருங்க."

"நான் இருக்கறேன்" என்றான் கந்தசாமி. பிறகு பாவாடையிடம், "நீ போண்ணே. அங்க காத்துக்கினு இருப்பாங்க" என்றான்.

தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது நாலே முக்கால். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள், இன்னும் அடிக்கவில்லை. மூங்கில் பிளந்து பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அமிர்தம் வந்து பெட்டி மேல் கவிழ்ந்து கிடந்தாள். அவள் முதுகில் கை வைத்தான். அவள் நிமிரவில்லை. பூமாலை முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கம் கையைக் காட்டினார். குளித்துவிட்டு வர வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் சந்தில் பொதுக்குழாய். அங்கே கொளஞ்சியம்மாள் வாளியை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். பெட்டிக்குப் பக்கத்திலிருந்து அவள் எழுந்து வந்து வெகுநேரமாகியிருக்க வேண்டும். முகம் கழுவியிருந்தாள்.

"அந்த ஆளு?" என்றாள்.

"ஊசி போட்டுட்டாங்க அத்த. வலி கம்மியாச்சாம். ரெண்டு நாளு பாக்கணுமாம்."

அவள் தலையை ஆட்டினாள். குழாயைத் திருகினாள். சொட்டுச் சொட்டாக விழுந்து, பிறகு தண்ணீர் வந்தது. அவன் சட்டையைக் கழற்றிச் சுவரில் போட்டான்.

"வழியில எம்பொண்ணு எதுனா கேட்டாளா?"

பாவாடை வாளியைப் பார்த்தான்.

"இல்ல அத்த. ஒண்ணும் கேக்கல."

அவள் அவனைப் பார்க்கவில்லை. சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, அவன் தலையில் ஊற்றுவதற்காகச் சொம்பைக் கையில் எடுத்தாள். முன்பக்கம் மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். குழாயில் தண்ணீர் நூல் போலத்தான் வந்துகொண்டிருந்தது. வாளி நிறைய இன்னும் நேரம் பிடிக்கும். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.